உங்கள் வியாதியின் கணக்கு யார் கையில்?



2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தாமிரபரணி கரைபுரண்டு வந்ததை ஏரலில் இருப்பவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சென்னை செல்லும் வண்டி நகர முடியாமல் நின்று, நூற்றுக்கணக்கானோர் தவித்தார்கள். நம் ஊரில் கடைவீதியென்றும் குடியிருப்பென்றும் பாராமல் வெள்ளம் புகுந்தது. பாலத்து வழி துண்டிக்கப்பட்டது. மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் ஓய்ந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நெல் போயிற்று, துணிமணி போயிற்று, கடைச் சரக்கு போயிற்று என்று கணக்கிட்டோம். இவற்றோடு சத்தமில்லாமல் போன இன்னொரு பொருள் உண்டு. அலமாரித் தட்டிலும், சாமிப் படத்துக்குப் பின்னாலும், பழைய பிஸ்கட் டப்பாவிலும் வைத்திருந்த மாத்திரைகளும் மருந்துச் சீட்டுகளுந்தான் அவை. தண்ணீர் வடிந்து, வைத்தியர் வந்து, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லுவோம்? "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை" என்போம். "பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, பேர் தெரியாது" என்போம். வெள்ளை மாத்திரை நூறு வியாதிக்கு உண்டு. அதைக் கேட்டு எந்த வைத்தியரும் மருந்து கொடுக்க முடியாது.

இந்த வாரப் பாடம் இதைப் பற்றியதே. உங்கள் சரீரத்தின் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதும்.

கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏரல் வியாபாரிகளின் ஊர். இங்கே சிறு பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூட யாருக்கு எவ்வளவு கடன், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். வருஷக் கடைசியில் கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் இருக்கிறார் என்பதற்காக எந்தக் கடைக்காரராவது தினசரி வரவு செலவு எழுதாமல் இருப்பாரா? ஆனால் அதே மனிதர் தம் சரீர விஷயத்தில், "எல்லாம் டாக்டருக்குத் தெரியும்" என்று பேரேட்டை மூடி வைத்துவிடுகிறார்.

டாக்டருக்குத் தெரியாதா என்றால், வியாதியைப் பற்றி அவருக்குத் தெரியும். உங்களைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை வைத்தியரிடம் போய்ப் பத்து நிமிஷம் அவர் முன் உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரம் உண்டு. மீதி 8,758 மணி நேரமும் உங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் நீங்களேதான். என்ன சாப்பிட்டீர்கள், எந்த வேளை மாத்திரையை மறந்தீர்கள், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது எந்த மாதம் முதல் என்பதெல்லாம் உங்கள் வசமே இருக்கிறது.

இது நம் நாட்டில் சோதித்துப் பார்த்த விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1950-களில் க்ஷயரோகம், அதாவது காசநோய், கண்டவர்களை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைப்பதுதான் முறை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, தாதிமாரின் கண்காணிப்பு ஆகிய இவையில்லாமல் குணமாகாது என்று பெரிய வைத்தியர்களே நினைத்திருந்தார்கள். ஆனால் படுக்கைகள் எத்தனை, வியாதியஸ்தர் எத்தனை பேர்? இந்நிலையில் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நாலும் சேர்ந்து செய்த காரியம் அது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு நடந்து வருகிறது.

அங்கே 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியாரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களைத் தங்கள் சொந்த வீட்டிலேயே, நெருக்கமான குடிசைகளிலேயே இருக்கச் சொல்லி, அதே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்த சாப்பாடு குறைவு. ஓய்வும் குறைவு. இருந்தும் முடிவு என்ன தெரியுமா? வீட்டில் இருந்தவர்கள் குணமானதும், சானடோரியத்தில் இருந்தவர்கள் குணமானதும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் வியாதி அதிகமாய்த் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறிற்று. படுக்கையை விட மருந்தே முக்கியம் என்று ஆயிற்று.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அதை விழுங்குகிறவர் யார்? சென்னை மையத்தார் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒழுங்காய்ச் சாப்பிடாதவர்கள் இருந்தார்கள். காரணம் சோம்பல் மட்டுமல்ல. முதல் சில வாரங்களிலேயே இருமல் குறைகிறது, காய்ச்சல் நிற்கிறது, பசி எடுக்கிறது. "சுகமாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று தோன்றிவிடுகிறது. உள்ளே கிருமி சாகவில்லை. இதைப் புரிந்துகொண்டவர் தொடர்ந்து சாப்பிட்டார், புரியாதவர் நிறுத்தினார். பிற்காலத்தில் ஊழியர் கண் முன்னாலேயே மருந்தை விழுங்கச் செய்யும் ஏற்பாடு உலகெங்கும் வந்ததற்கு இந்தச் சென்னை அனுபவமும் ஒரு காரணம்.

நிற்க. இன்று நம் குடும்பங்களில் மிகுதியாய் இருப்பவை சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வின்படி, நம் தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இரத்தக் கொதிப்பு. இவற்றுக்குக் கண் முன்னால் விழுங்க வைக்கும் ஊழியர் எவரும் வர மாட்டார். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் நம் மாநில அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் கொடுத்த மாத்திரை டப்பாவுக்குப் போகிறதா, வாய்க்குப் போகிறதா என்பது உங்கள் பொறுப்பு.

இரத்தக் கொதிப்பின் பெரிய தந்திரம், அது வலிப்பதில்லை. "எனக்குத் தலை சுற்றவில்லை, ஆகையால் பிரஷர் இல்லை" என்று சொல்லுகிறவர்கள் அநேகர். தலை சுற்றாமலேயே பல வருஷம் அது இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டிருக்கும். அளந்து பார்த்தால் ஒழிய அறிய வழியில்லை. அளக்கும்போது இரண்டு எண் சொல்லுவார்கள். மேல் எண், இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் உண்டாகும் அழுத்தம். கீழ் எண், இருதயம் தளர்ந்து நிரம்பும்போது உள்ள அழுத்தம். மேலே 140, கீழே 90 என்ற அளவை எட்டியோ தாண்டியோ பலமுறை காணப்பட்டால் அது இரத்தக் கொதிப்பு. ஒரே ஒருமுறை அளந்து முடிவு கட்டக்கூடாது. ஓடி வந்த மூச்சோடும், காப்பி குடித்த கையோடும் அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் வைத்து, சட்டைக் கைக்கு மேலே அல்லாமல் வெறுங்கையில் பட்டையைக் கட்டி, பேசாமல் இருந்து அளக்க வேண்டும். அளந்தவரிடம், "எவ்வளவு இருக்கிறது?" என்று கேளுங்கள். "கொஞ்சம் கூட இருக்கிறது" என்ற பதிலோடு திருப்தியடைய வேண்டாம். எண்ணைக் கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் போய், "பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், "கொஞ்சம் இருக்கு" என்று சொன்னால் விடுவீர்களா?

சர்க்கரைக்கும் அப்படியே. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி என்பது அளவு. இன்னொரு சோதனை எச்.பி.ஏ.ஒன்.சி. என்பது. இதை அநேகர் புரியாமலே எடுத்து வருகிறார்கள். நம் இரத்தத்தின் சிவப்பு அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அந்த நாட்களிலெல்லாம் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதற்குத் தக்கபடி அதன் மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். ஆகையால் இந்தச் சோதனை சென்ற இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டிவிடும். சோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பலகாரத்தைத் தொடாமல் இருந்து, நல்ல எண் வாங்கி வருகிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்களே, அவர்கள் அன்றாடக் கணக்கைத் திருத்தலாம். மூன்று மாதப் பேரேட்டைத் திருத்த முடியாது. இதில் 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதிக்கு அடையாளம். ஏற்கனவே வியாதி உள்ளவருக்கு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது வயதையும் மற்ற வியாதிகளையும் பொறுத்தது. "எனக்கு எவ்வளவு இருந்தால் நல்லது?" என்று உங்கள் வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

இங்கே நம் பக்கத்து விஷயம் ஒன்று சொல்லாமல் விட முடியாது. அதாவது கருப்பட்டி. "சீனிதான் கெடுதல், கருப்பட்டி மருந்து, சர்க்கரைக்காரர் கருப்பட்டிக் காப்பி தாராளமாய்க் குடிக்கலாம்" என்ற பேச்சு நம் வீடுகளில் வேதவாக்கு போல் ஆகிவிட்டது. பதனீரைக் காய்ச்சி இறுக்கினதுதானே கருப்பட்டி? பதனீரின் இனிப்பு என்பது பெரும்பாலும் சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். சீனியில் இல்லாத சில தாது உப்புகள் கருப்பட்டியில் கொஞ்சம் உண்டு, உண்மை. அதற்காக இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை ஏறாமல் இருக்காது. கருப்பட்டி நல்ல பொருள், நம் பனங்காட்டின் பெருமை. ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்கு அதுவும் இனிப்பே. தேனும் அப்படியே. நம் ஆற்றுப் பாசன வாழைப்பழமும் ஒன்று என்றால் ஒன்றுதான், சீப்பு அல்ல. இரத்தக் கொதிப்புள்ளவருக்கோ கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் பகை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவாய், அதாவது தலைதட்டிய ஒரு சின்னத் தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். உப்பளம் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது கஷ்டமான உபதேசந்தான்.

வியாதி இன்னும் வராமல் வாசற்படியில் நிற்பவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்ட 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். யோசனை மட்டும் பொதுவாய்ச் சொல்லப்பட்ட கூட்டத்தில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தினம் அரைமணி நேரம் விரைவாய் நடப்பது, சாப்பாட்டை ஒழுங்குபடுத்துவது என்று தங்கள் நடையுடையை மாற்றிக்கொண்ட கூட்டத்தில் 100-க்கு 39 பேர் அளவிலேயே வந்தது. மாத்திரை கொடுத்துப் பார்த்த கூட்டத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். மாத்திரை செய்கிற வேலையைக் காலும் செய்கிறது என்று அர்த்தம். "தோட்டத்திலும் கடையிலும் நாளெல்லாம் நடக்கிறேனே" என்பீர்கள். தோட்டத்தில் உழைக்கிறவருக்கு அது சரி. கடையில் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடப்பது நடை ஆகாது.

இனி மாத்திரை விஷயம். இதில்தான் அபாயம் அதிகம். ஆகையால் நிதானித்துப் படியுங்கள். ஒரே மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று மருந்தின் சொந்தப் பெயர். மற்றது கம்பெனி வைத்த பெயர். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. உதாரணமாக, அம்லோடிபைன் என்பது இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ஒரு மருந்தின் சொந்தப் பெயர். மெட்பார்மின் என்பது சர்க்கரைக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் அட்டையில் இந்தச் சொந்தப் பெயரே இருக்கும். அதே மருந்தை டவுனில் தனியார் வைத்தியர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டு அட்டையும் வேறு வேறு நிறம், வேறு வேறு பெயர். இரண்டு வியாதிக்கு என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால், ஒரே மருந்து இரட்டிப்பாகி, பிரஷர் மளமளவென்று இறங்கி மயக்கம் வரும். ஆகையால் அட்டையில் கம்பெனிப் பெயரோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் மருந்தின் சொந்தப் பெயரையும், மில்லிகிராம் அளவையும் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு பாடம் ஆயிற்று.

அந்தப் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். மேலே உங்கள் பெயர், வயது. அதன் கீழே உங்கள் வியாதிகள், எந்த வருஷம் கண்டது என்பது. பின்பு ஒவ்வொரு மருந்தின் சொந்தப் பெயர், அளவு, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது. எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். செய்துகொண்ட ஆபரேஷன்களையும் குறியுங்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் சாப்பிட்டால் அதையும் எழுத வேண்டும். வைத்தியர் கோபிப்பார் என்று மறைக்கிறவர்கள் உண்டு. கோபித்தால் கோபிக்கட்டும், அவருக்குத் தெரியாமல் இரண்டு வகை மருந்து உள்ளே சண்டையிடுவதைவிட அது நல்லது. காகிதத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடும் ஆதார் அட்டையோடும் வையுங்கள். கைபேசியில் அதைப் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒன்று அனுப்பி வையுங்கள். ஊர் முழுவதும் தண்ணீரில் நின்றாலும் அந்தப் படம் நனையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் மாத்திரைகளைக் கடைசி அட்டை வரை தீரவிடாமல், பத்துப் பதினைந்து நாளைக்கு முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மின்சாரம் நின்று பிரிட்ஜ் ஓய்ந்தால் பதற வேண்டாம். பயன்படுத்திக்கொண்டிருக்கும் புட்டி, கடும் வெயிலும் சூடும் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன மண்சட்டி வைத்து, புட்டியைத் தண்ணீர் படாமல் உறையில் போட்டு மூடி, நிழலில் வைத்தால் நல்ல குளிர்ச்சி கிடைக்கும். ஐஸ் கட்டி மேல் வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் உதவாது.

சர்க்கரை ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். இறங்குவது அதைவிட அவசரம். மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் திடீரென்று வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பசி பறக்கும், பேச்சுக் குழறும், கோபம்கூட வரும். உடனே மூன்று சின்னக் கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் சாப்பாடு கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னும் ஒன்று, கால். சர்க்கரை வியாதி நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியை மந்தமாக்கும். வயல் வரப்பில் முள் குத்தியது தெரியாமல் நாலு நாள் நடந்து, புண் அழுகி, விரலை எடுக்கும்படி ஆகும். ஆகையால் இரவு படுக்குமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

வைத்தியரிடம் கேள்வி கேட்க நம் ஜனங்களுக்குத் தயக்கம். "பெரிய படிப்புப் படித்தவர், நாம் கேட்டால் கோபிப்பார்" என்ற எண்ணம். மரியாதை வேறு, ஊமையாய் இருப்பது வேறு. எனக்கு என்ன வியாதி? இந்த மருந்து எதற்காக, எத்தனை நாள்? ஒருவேளை மறந்தால் என்ன செய்வது? எந்த அடையாளம் கண்டால் உடனே வர வேண்டும்? இந்த நாலையும் வீட்டிலேயே காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும் என்பது நம் எல்லாருக்கும் நேர்வதே. கூடுமானால் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இப்படித்தானே, டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இதனால் சந்தோஷப்படுவார். "ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள், குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று நாமே உத்தரவு போடுவது கேள்வி ஆகாது, அது தொந்தரவு. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் தங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் விதி.

நம் வீடுகளில் இந்தக் கணக்கில் எப்போதும் விட்டுப்போகிற ஆள் ஒருவர் உண்டு. அவர் வீட்டுத் தாய். புருஷனுக்கு மாத்திரை எடுத்து வைப்பாள், மாமியாருக்குக் கால் பார்ப்பாள், பிள்ளைக்குக் கஷாயம் போடுவாள். தனக்கு மூச்சு வாங்குவதை, "வேலை ஜாஸ்தி" என்று தள்ளிவிடுவாள். வீட்டுக்காரரே, நீங்கள் பிரஷர் பார்க்கப் போகும்போது அவளையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். அவளுடைய பெயருக்கும் ஒரு காகிதம் எழுதுங்கள்.

முடிவாக, கோவிலைச் சேர்ந்த காரியம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் வயதானவர்கள் மயங்கி விழுவதைக் காண்கிறோம். விசாரித்தால், நன்மை வாங்க வேண்டும் என்று முந்தின இரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை என்பார்கள். அவர்கள் சிறுவயதில் கற்ற ஒழுங்கு அது; நடுராத்திரி முதல் உபவாசம். அந்த ஒழுங்கு மாறி எவ்வளவோ காலமாயிற்று. தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்று 1953-லேயே 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அறிவித்தார். 1957-ல் உபவாசம் மூன்று மணி நேரமாயிற்று. 1964-ல் ஒரு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. இப்போது உள்ள சட்டப்படி தண்ணீரும் மருந்தும் எந்த நேரத்திலும் தடையல்ல. முதியவர்களுக்கும் வியாதியஸ்தருக்கும், அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடுகூட இல்லை. விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் உள்ள ஒருசந்தி 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவரையே கட்டும். அந்த வயதுக்குள் இருந்தாலும் வியாதியஸ்தருக்குக் கடமையில்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவர் தம் பக்தியால் அந்நாட்களில் ஒருசந்தி இருக்க விரும்பினால், குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, அன்றைய அளவை எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலையிலோ மாத்திரையைப் போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே பூசைக்கு வாருங்கள்.